உங்களுக்குத் தெரியுமா? – நவம்பருக்கு முன்பே முடிந்துபோகும் தேர்தல்

2016 ஏப்ரலில் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி நியூயார்க்கில் நடந்தது. டொனால்ட் டிரம்ப் அமோகமாக ஜெயித்தார். ஆனால் அவருடைய மகள் இவான்காவும் மகன் எரிக்கும் அப்பாவுக்கு ஓட்டுப் போட முடியவில்லை. இருவரும் அந்தக் கட்சியில் பதிந்திருக்கவில்லை. பதிவை மாற்றிக்கொள்வதற்கான கடைசி நாள் 2015 அக்டோபரிலேயே போய்விட்டது.

*

நவம்பர் தேர்தலில் கட்சியின் சார்பில் யார் நிற்பது என்பதைத் தீர்மானிப்பதுதான் பிரைமரி. கட்சியில் பதிந்தவர்கள் மட்டும் ஓட்டுப் போடலாம் என்றால் அது மூடிய பிரைமரி. யாரும் போடலாம் என்றால் திறந்த பிரைமரி. நாடாளுமன்றத்துக்கும் மாகாணச் சட்டசபைக்கும் எந்த முறை என்பதை அந்தந்த மாகாணமே முடிவு செய்கிறது. வாக்குச்சாவடி, ஊழியர், வாக்குச்சீட்டு எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் அரசாங்கப் பணம்தான். செலவு எல்லாருடைய வரியில், ஓட்டு மட்டும் சிலருக்கு என்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. கேலப் கருத்துக்கணிப்புகளில் சில ஆண்டுகளாகவே அமெரிக்கர்களில் 10-க்கு 4 பேருக்கு மேல் தாங்கள் எந்தக் கட்சியையும் சாராதவர்கள் என்கிறார்கள்.

*

எந்தக் கட்சி ஜெயிக்கும் என்று முன்பே தெரிந்துவிட்ட தொகுதிகள்தான் அங்கே மிகுதி. அப்படிப்பட்ட இடத்தில் பிரைமரியில் ஜெயித்தாலே பதவி உறுதி. பிரைமரியில் ஓட்டில்லாதவர் நவம்பரில் வரிசையில் நின்று பயன் என்ன?

*

இந்தக் கேள்வியை அமெரிக்காவின் கறுப்பின மக்கள் நீதிமன்றத்தில் கேட்டார்கள். அந்தக் காலத்தில் டெக்சஸில் ஜனநாயகக் கட்சி வைத்ததே சட்டம். அதன் பிரைமரிதான் உண்மையான தேர்தல். கறுப்பர்கள் அதில் ஓட்டுப் போடக் கூடாது என்று 1923-ல் மாகாணம் சட்டமே போட்டது. எல் பாசோ நகரத்து மருத்துவர் லாரன்ஸ் நிக்சன் வழக்குப் போட்டு 1927-ல் ஜெயித்தார். உடனே டெக்சஸ், யாரைச் சேர்ப்பது என்பதைக் கட்சியின் நிர்வாகக் குழுவே முடிவு செய்யட்டும் என்று சட்டத்தை மாற்றியது. நிக்சன் மறுபடி படியேறினார். 1932-ல் அதுவும் செல்லாது என்றானது. அடுத்து கட்சி மாநாடே கூடித் தீர்மானம் போட்டது. கட்சி என்பது தனியார் சங்கம், அதன் முடிவில் தலையிட முடியாது என்று 1935-ல் உச்ச நீதிமன்றமும் ஒத்துக்கொண்டுவிட்டது. ஹூஸ்டன் பல் மருத்துவர் லோனி ஸ்மித்தின் வழக்கில், 1944-ல்தான் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் நீதிபதிகள் அந்தக் கதவை உடைத்தார்கள். ஸ்மித்துக்காக வாதாடியவர் தர்குட் மார்ஷல். பின்னாளில் அதே நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி ஆனவர். பிரைமரி கட்சியின் சொந்த விவகாரம் என்று இன்றைக்கும் வாதிடுகிறவர்கள் இந்த 21 ஆண்டு வரலாற்றை ஒருமுறை படிக்க வேண்டும்.

*

திறந்த பிரைமரி புதுச்சரக்கு அல்ல. விஸ்கான்சின் மாகாணத்தில் ஆளுநர் ராபர்ட் லா ஃபாலெட் கட்சிப் பெருந்தலைகளோடு மோதிக் கொண்டுவந்த பிரைமரி சட்டத்தை 1904-ல் மக்கள் ஓட்டுப் போட்டு ஏற்றார்கள். இன்றும் அங்கே கட்சிப் பதிவு என்பதே கிடையாது. எந்தக் கட்சியின் பிரைமரியில் ஓட்டுப் போடுகிறோம் என்பது மறைப்புக்குள் நிற்கும் வாக்காளருக்கு மட்டுமே தெரியும். பக்கத்து இல்லினாயில் அப்படியில்லை. எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று ஊழியரிடம் வாய்விட்டுக் கேட்டு வாங்க வேண்டும்.

*

கொலராடோவில் கட்சி சாராதவர்களுக்கு இரண்டு கட்சிகளின் வாக்குச்சீட்டும் தபாலில் வீட்டுக்கே வந்துவிடும். ஒன்றை மட்டும் நிரப்பித் திருப்பி அனுப்ப வேண்டும். இரண்டையும் அனுப்பினால் இரண்டுமே செல்லாது.

*

எதிர்க்கட்சிக்காரர்கள் உள்ளே புகுந்து பலவீனமான ஆளைத் தேர்ந்தெடுத்துவிடுவார்களே என்பது பழைய பயம். 2014-ல் மிசிசிப்பியில் நடந்தது வேறு. செனட்டர் தாட் காக்ரன் குடியரசுக் கட்சியின் முதல் சுற்றில் பின்தங்கினார். இரண்டாம் சுற்றில், ஜனநாயகக் கட்சிக்கு ஓட்டுப் போடும் வழக்கமுள்ள கறுப்பின வாக்காளர்கள் பலர் வந்து அவரைக் கரையேற்றினார்கள். யார் வந்தாலும் நமக்கு ஆபத்தில்லாதவர் வரட்டும் என்று அவர்கள் நினைத்ததில் என்ன தவறு?

*

நெப்ராஸ்கா மாகாணத்துக்கு மேலவை கிடையாது. 49 பேர் கொண்ட ஒரே அவை. அதன் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரே இருக்காது. பிரைமரியில் முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் நவம்பரில் மோதுவார்கள். 1934-ல் செனட்டர் ஜார்ஜ் நோரிஸ் ஊர் ஊராகக் காரில் சுற்றி இதற்கு ஆதரவு திரட்டினார். இரண்டு செட் டயர் தேய்ந்துபோனதாகச் சொல்வார்கள்.

*

கலிஃபோர்னியா மக்கள் 2010-ல் இந்த 'முதல் இருவர்' முறையை ஏற்றார்கள். நாடாளுமன்றம், மாகாணச் சட்டசபை இரண்டுக்கும் இதுதான். அதிபர் தேர்தலுக்கு மட்டும் இல்லை. எல்லாக் கட்சிக்காரர்களும் ஒரே சீட்டில். இதற்கு முந்தைய ஒரு முறையை, கட்சியின் வேட்பாளரை வெளியார் தேர்ந்தெடுப்பது கட்சியின் உரிமையைப் பறிப்பது என்று 2000-ல் உச்ச நீதிமன்றம் அடித்துவிட்டிருந்தது. வாஷிங்டன் மாகாணம் கொண்டுவந்த 'முதல் இருவர்' முறையோ 2008-ல் தப்பியது. இங்கே ஜெயிப்பவர் கட்சியின் வேட்பாளர் அல்ல, இறுதிச் சுற்றுக்குப் போகும் ஆள் மட்டுமே என்பதுதான் வித்தியாசம்.

*

இதனால் ஒரே கட்சிக்காரர்கள் இருவர் நவம்பரில் மோதுவது சகஜமாகிவிட்டது. 2016-ல் கலிஃபோர்னியா செனட் சீட்டுக்குக் கமலா ஹாரிஸும் லொரெட்டா சான்செஸும் நின்றார்கள்; இருவருமே ஜனநாயகக் கட்சி. கமலாவின் தாயார் சியாமளா கோபாலன் தமிழ்க் குடும்பத்துப் பெண் என்பது நமக்குத் தெரிந்ததே. அதே நவம்பரில் வாஷிங்டன் மாகாணத்தின் சியாட்டில் தொகுதியில் பிரமிளா ஜெயபாலும் தன் கட்சிக்காரர் ஒருவரை எதிர்த்தே ஜெயித்தார். அவர் பிறந்தது சென்னையில்.

*

முறையில் ஓட்டையும் உண்டு. 2012-ல் கலிஃபோர்னியாவின் 31-வது தொகுதி ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமான இடம். அந்த ஆண்டு ஒபாமா அங்கே தாராளமாக முன்னிலை பெற்றார். ஆனால் பிரைமரியில் அந்தக் கட்சியின் நான்கு பேர் ஓட்டைப் பிரித்துக்கொள்ள, முதல் இரண்டு இடத்தையும் குடியரசுக் கட்சியினர் பிடித்தார்கள். நவம்பரில் ஜனநாயகக் கட்சிக்கு ஆளே இல்லை.

*

2024-ல் அதே மாகாணத்தின் 16-வது தொகுதியில் இரண்டாம் இடத்துக்கு ஈவன் லோ, ஜோ சிமிட்டியன் இருவரும் ஆளுக்கு 30,249 ஓட்டு வாங்கிச் சமமாக நின்றார்கள். மறுபடி எண்ணியதில் லோ 5 ஓட்டில் முந்தினார்.

*

முதல் நால்வரை அனுப்பினால் என்ன? அலாஸ்கா அதைத்தான் செய்கிறது. அதன் பின்னணியில் ஒரு கதை உண்டு. செனட்டர் லிசா மர்கவ்ஸ்கி 2010-ல் தன் கட்சியின் பிரைமரியில் தோற்றுப்போனார். ஆனாலும் நவம்பரில் விடாமல் நின்றார். அப்படி நிற்பவரின் பெயர் சீட்டில் அச்சாகாது. வாக்காளரே கையால் எழுதினால்தான் ஓட்டு. அவருடைய ஆட்கள் பெயரின் எழுத்துகள் பதித்த கைப்பட்டைகளை விநியோகித்தார்கள். எழுத்துப்பிழை உள்ள சீட்டுகளை எதிராளி தரப்பு ஆட்சேபித்தது, நீதிமன்றம் ஏற்கவில்லை. மர்கவ்ஸ்கி ஜெயித்தார். பிரைமரி கைவிட்டவரை மாகாணம் கைவிடவில்லை.

2020-ல் அலாஸ்கா மக்கள் திறந்த பிரைமரியையும், நவம்பரில் வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தும் முறையையும் சேர்த்து ஏற்றார்கள். 2022 இடைத்தேர்தலின் பிரைமரியில் ஒரே இடத்துக்கு 48 பேர் நின்றார்கள். கடைசியில் சாரா பேலினை வென்றவர் மேரி பெல்டோலா, நாடாளுமன்றத்துக்குப் போன முதல் அலாஸ்கா பழங்குடி உறுப்பினர். என்னைக் கேட்டால் இருவரைவிட நால்வரே மேல். ஓட்டுப் பிரிந்து ஒரு தரப்பே காணாமல் போகிற அபாயம் வெகுவாகக் குறைகிறது.

*

2024 நவம்பரில் அரிசோனா, கொலராடோ, ஐடஹோ, மொன்டானா, நெவாடா, தெற்கு டகோட்டா என ஆறு மாகாணங்களில் பிரைமரியை எல்லாருக்கும் திறக்கும் திட்டம் மக்கள் முன் வந்து, ஆறிலும் தோற்றது. பிரைமரியைத் திறப்பதோடு வரிசை எண் ஓட்டையும் ஒரே கேள்வியில் கட்டியது சில இடங்களில் வினையானது என்றே நினைக்கிறேன். அலாஸ்காவிலும் முறையை ஒழிக்க ஓட்டெடுப்பு நடந்தது. 750-க்கும் குறைவான ஓட்டில் அது பிழைத்துக்கொண்டது. ஃபுளோரிடாவின் கதை இன்னும் வருத்தம்: 2020-ல் 57 சதவீதம் பேர் ஆதரித்தும், 60 சதவீதம் வேண்டும் என்ற விதியால் நிறைவேறவில்லை.

*

அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் பிரிவுப்படி, நாடாளுமன்றத் தேர்தலை எப்படி நடத்துவது என்பதை மாகாணங்கள் வகுத்தாலும், நாடாளுமன்றம் அதை மாற்றலாம். ஆனால் மாகாணச் சட்டசபைத் தேர்தலுக்கு அது பொருந்தாது. அங்கே அந்தந்த மாகாணத்து மக்கள்தான் போராட வேண்டும்.

*

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய பிள்ளையோ பேரனோ உங்களுக்கு இருந்தால் இதைச் சொல்லுங்கள். டெக்சஸில் கட்சிப் பதிவு கிடையாது, வாக்காளராக முன்பே பதிந்திருந்தால் பிரைமரி நாளன்று போனால் போதும். கலிஃபோர்னியாவிலும் வாஷிங்டனிலும் நாடாளுமன்ற, சட்டசபைப் பிரைமரியில் எல்லாருக்கும் ஒரே சீட்டு. நியூயார்க், பென்சில்வேனியா, ஃபுளோரிடாவில் கட்சியில் பதியாவிட்டால் கட்சிப் பிரைமரியில் ஓட்டே இல்லை. பதிவுக்கான கடைசி நாளை மாகாணத் தேர்தல் அலுவலகத்தின் இணையதளத்தில் இன்றே பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.