கேட் திறந்திருக்கு, போகலாமா? ரயில்வே கேட்டில் லாரி டிரைவர்கள் ஏன் கீழே இறங்க வேண்டும்?

பாகூர் கொம்யூனில் உள்ள மணப்பட்டில் தண்டவாளமே கிடையாது. ஆனால் அங்கிருந்து ஒரு லாரி எந்தப் பக்கம் கிளம்பினாலும் தண்டவாளம் வந்துவிடும். வடக்கே கடலூர் சாலையில் போனால் புதுச்சேரி ஏ.எஃப்.டி. மில் அருகே ரயில்வே கேட். மேற்கே வில்லியனூர் போனால் விழுப்புரம் லைன். தெற்கே கடலூரைத் தாண்டி சிதம்பரம் பக்கம் போனால் செம்மங்குப்பம்.

அந்த ஊர்ப் பெயரை மறந்திருக்க மாட்டீர்கள். 2025 ஜூலை 8 காலை, செம்மங்குப்பம் கேட்டைக் கடந்த பள்ளி வேன் மீது விழுப்புரம் - மயிலாடுதுறை பாசஞ்சர் ரயில் மோதியது. மூன்று மாணவர்கள் இறந்தார்கள். இத்தனைக்கும் அது ஆளில்லா கேட் இல்லை, கேட்கீப்பர் இருந்த கேட்.

ஆளில்லா கேட்தான் ஒழிஞ்சிடுச்சே?

உண்மைதான். அகலப்பாதையில் இருந்த ஆளில்லா லெவல் கிராசிங்குகள் எல்லாமே 2019 ஜனவரிக்குள் மூடப்பட்டன, அல்லது ஆள் போடப்பட்டன, அல்லது சுரங்கப்பாதையாகின. 2018 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தின் குஷிநகரில் ஆளில்லா கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி 13 குழந்தைகள் இறந்த பிறகு அந்த வேலை வேகமெடுத்தது.

ஆனால் ஆள் இருக்கிற கேட்டிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, சிக்னலோடு இணைக்கப்பட்ட 'இன்டர்லாக்' கேட். கேட் மூடினால்தான் ரயிலுக்குப் பச்சை விழும். இன்னொன்று இணைப்பே இல்லாதது. ஸ்டேஷன் மாஸ்டர் போன் செய்வார், கேட்கீப்பர் மூடிவிட்டதாகச் சொல்வார், ரயில் வரும். அவ்வளவுதான் பாதுகாப்பு. செம்மங்குப்பம் இரண்டாவது வகை. எந்த கேட்டை இன்டர்லாக் செய்வது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: தினமும் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையை சாலை வாகனங்களின் மதிப்பால் பெருக்க வேண்டும். அது 20,000-ஐத் தாண்டணும் என்றிருந்த வரம்பை, விபத்துக்குப் பிறகு ரயில்வே 10,000 ஆகக் குறைத்தது. கேட்களில் சிசிடிவி வைக்கவும் உத்தரவு வந்தது.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 131-வது பிரிவு ரொம்பத் தெளிவு. காவலில்லாத கேட்டில் டிரைவர் வண்டியை நிறுத்த வேண்டும். கண்டக்டரோ கிளீனரோ இறங்கி தண்டவாளம் வரை நடந்து, இரண்டு பக்கமும் ரயிலோ டிராலியோ வரவில்லை என்று பார்த்து, பிறகு வண்டியை வழிநடத்திக் கடக்க வைக்க வேண்டும். கூட ஆள் இல்லையென்றால் டிரைவரே இறங்கிப் பார்க்கணும். ஆளில்லா கேட்டை அஜாக்கிரதையாகக் கடந்தால் ரயில்வே சட்டத்தின் 161-வது பிரிவில் ஓராண்டு வரை சிறை.

ஓவரா இருக்கேன்னு தோணுதா? நானும் அப்படித்தான் நினைத்தேன், கணக்குப் போட்டுப் பார்க்கும்வரை. கேட்டுக்கு 600 மீட்டர் முன்னால் விசில் போர்டு இருக்கும். 100 கி.மீ. வேகத்தில் வரும் ரயில் அந்த தூரத்தை சுமார் 22 விநாடியில் கடந்துவிடும். 10 மீட்டர் நீள லோடு லாரி நின்ற இடத்திலிருந்து முதல் கியரில் கிளம்பி, வால் பகுதி தண்டவாளத்தைத் தாண்ட சுமார் 20 மீட்டர் நகர வேண்டும். மணிக்கு 5 கி.மீ. வேகம் என்றால் 14 விநாடி. கிளட்சை விட்டு வண்டி அசைய இன்னும் இரண்டு மூன்று விநாடி. மிச்சம் ஐந்தே விநாடி. நடுவில் இன்ஜின் ஆஃப் ஆனால்? லோகோ பைலட் அவசர பிரேக் போட்டாலும் ரயில் நிற்க பல நூறு மீட்டர் ஆகும்.

அதனால்தான் அனுபவசாலிகள் தண்டவாளத்தின் மேல் கியர் மாற்ற மாட்டார்கள். முன்னால் போன வண்டி நகர்ந்து, எதிர்ப்பக்கம் தன் லாரி முழுசாக நிற்க இடம் இருந்தால் மட்டுமே ஏறுவார்கள். கண்ணாடியை இறக்கி, பாட்டை நிறுத்துவார்கள். (2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம். டிரைவர்களுக்கு நல்ல விஷயம். ஆனால் ஏற்றின கண்ணாடிக்குள் விசில் எவ்வளவு கேட்கும்?) வைக்கோல், கரும்பு லோடு என்றால் தலைக்கு மேலேயும் பார்க்கணும். மின்மயமான பாதையில் போவது 25,000 வோல்ட். கேட்டுக்கு முன்னால் நிற்கும் உயரத் தடுப்புச் சட்டம் அதற்குத்தான்.

வண்டி சிக்கிக்கிட்டா?

முதலில் எல்லோரும் இறங்கி தண்டவாளத்தை விட்டு விலக வேண்டும். லோடும் லாரியும் அப்புறம். கேட்கீப்பர் இருந்தால் உடனே அவரிடம் சொல்ல வேண்டும், ரயிலை நிறுத்தச் சொல்ல அவரால் முடியும். இல்லையென்றால் ரயில்வே உதவி எண் 139. ரயில் வரும் திசை தெரிந்தால், தண்டவாளத்துக்கு வெளியே ஓரமாக ஓடி சிவப்புத் துணியோ, இரவில் டார்ச்சோ காட்டலாம்.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். 131-வது பிரிவு பேசுவது காவலில்லாத கேட்டைப் பற்றி. ஆள் இருக்கிற கேட் திறந்து கிடந்தால் இறங்கிப் பார்க்கணும் என்று அது சொல்லவில்லை. செம்மங்குப்பத்தில் காகிதத்தில் காவல் இருந்தது. செலவைக் குறைக்க கிளீனர் இல்லாமலே பல லாரிகள் ஓடுகின்றன. தனியாக வரும் டிரைவர், பின்னால் பத்து பைக் ஹார்ன் அடிக்க, திறந்த கேட்டில் இறங்கி இரண்டு பக்கமும் பார்ப்பாரா? அடுத்த முறை முன்னால் நிற்கும் லாரியிலிருந்து ஒருவர் அப்படி இறங்கினால், தயவுசெய்து ஹார்ன் அடிக்காதீங்க.