ஆறு மாதப் படிப்பும் ஒன்றரை நாள் புரட்டலும்

காரைக்குடியை ஒட்டிய கோவிலூர், வேதாந்த மடாலயத்தால் பெயர்பெற்ற ஊர். சுற்றியிருக்கும் செட்டிநாட்டுக்கோ கணக்கு பரம்பரைச் சொத்து. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் இருந்த நகரத்தார் கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர் அடுத்தாளாகி, பிறகு மேலாளாக உயர்வார். பேரேடும் ஐந்தொகையும் அவருக்குக் கடையிலேயே கைவந்தன. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10 அன்று சென்னை, காரைக்குடி, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களில் ஒரே நாளில் திறக்கப்பட்டதற்கும் இந்தப் பின்னணிதான் காரணம். அந்தப் பையன்களுக்குத் தேர்வு என்று ஒன்று இருக்கவில்லை. இன்று ஆடிட்டராக நினைக்கும் கோவிலூர்ப் பிள்ளைக்குக் கடை வேலையும் உண்டு, தேர்வும் உண்டு.

கடை வேலை என்பது ஆர்ட்டிகிள்ஷிப். இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் 2023இல் கொண்டுவந்த புதிய பாடத்திட்டம், மூன்று ஆண்டாக இருந்த இந்தப் பயிற்சியை இரண்டு ஆண்டாகக் குறைத்தது; ஆண்டுக்கு 12 நாள்தான் விடுப்பு. பயிற்சி முடிந்து ஆறு மாதம் கழித்தே சி.ஏ. ஃபைனல் எழுத முடியும். முன்பெல்லாம் ஆபீஸ் வேலைக்கு நடுவே திருட்டுத்தனமாகப் புத்தகம் புரட்டியவர்களுக்கு, இந்த ஆறு மாதம் உரிமையாகவே கிடைத்திருக்கிறது. எட்டுத் தாள் ஆறாகவும் குறைந்தது: முதல் குரூப்பில் மூன்று, இரண்டாவதில் மூன்று. 2024 மே மாதத்தில் இந்த முறைப்படி முதல் தேர்வு நடந்தது.

தாள் குறைந்ததால் தேர்வு எளிதாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். 2025 மே தேர்வில் இரு குரூப்பையும் சேர்த்து எழுதியவர்கள் 29,286 பேர். இரண்டிலும் தேறியவர்கள் 5,490 பேர். நூற்றுக்குப் பத்தொன்பது பேர்கூட இல்லை.

தேர்ச்சி விதியைப் பலர் மேலோட்டமாகவே தெரிந்துவைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தாளிலும் 40, குரூப்பின் மொத்தத்தில் பாதி, அதாவது 300க்கு 150. இரு குரூப்பையும் சேர்த்து எழுதினால் இதில் ஒரு சலுகை உண்டு. முதல் குரூப்பில் ஒருவர் 48, 45, 47 வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம், கூட்டினால் 140. அதை மட்டும் எழுதியிருந்தால் தோல்வி. இரண்டாவதில் 52, 58, 55 வந்தால் 165. இரண்டும் சேர்ந்து 305. 600க்கு 300 தாண்டிவிட்டதால் இரண்டு குரூப்பும் பாஸ். இதே கணக்கில் தலைகீழான ஆபத்தும் இருக்கிறது: ஏதோ ஒரு தாளில் 39 வந்தால் மற்றதெல்லாம் எவ்வளவு மிஞ்சினாலும் அந்த குரூப்பில் தோல்விதான்.

தோற்ற குரூப்பில் 60 அல்லது அதற்கு மேல் வாங்கிய தாளுக்கு அடுத்த மூன்று தேர்வுகளுக்கு விலக்கு கிடைக்கும். ஆனால் அந்த குரூப்பின் எல்லாத் தாள்களையும் எழுதியிருக்க வேண்டும். முதல் தாள் சரியில்லை என்று மனசு உடைந்து மூன்றாவதற்குப் போகாமல் வீட்டிலிருப்பவர், இரண்டாவதில் 65 வாங்கியிருந்தாலும் அது வீண். மோசமாக எழுதிய தேர்வையும் முழுசாக எழுதிவிட்டு வா என்று சீனியர்கள் சொல்வது ஆறுதல் வார்த்தையாகக் கேட்கும். அது சுத்தமான கணக்கு.

இனி அந்த ஆறு மாதம். ஒரு தாளுக்கும் அடுத்ததற்கும் நடுவே பெரும்பாலும் ஒரு நாள்தான் இடைவெளி. மாலை 5 மணிக்குத் தேர்வு முடிந்து, மறுநாள் விட்டு மறுநாள் பிற்பகல் 2 மணிக்கு அடுத்தது. தூக்கம், சாப்பாடு, பயணம் போக மிஞ்சும் நேரத்தில், ஆயிரம் பக்கத்துக்கு மேல் ஓடும் நிதி அறிக்கைப் பாடத்தை ஒருமுறை முழுக்கப் புரட்டியாக வேண்டும். திட்டத்தை இந்த ஒன்றரை நாளிலிருந்து பின்னோக்கிப் போடுவதுதான் புத்திசாலித்தனம். முதல் வாசிப்புக்கு மூன்றரை, நான்கு மாதம் போகலாம். அப்போதே, கடைசி நேரத்தில் எந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும், எந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று குறித்துவைக்காவிட்டால், அந்த உழைப்பு தேர்வு அறை வரை வந்து சேராது. நான்கு வாத்தியார்களின் நோட்ஸை வாங்கி அடுக்குவது நேர் எதிரான வழி. நிறுவனத்தின் பாடநூல், திருப்புதல் வினாத்தொகுப்பு, மாதிரித் தேர்வு ஆகியவற்றையே மூன்று முறை பார்ப்பது மேல்.

வரிப் பாடங்களில் இன்னொரு பொறி. 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின, 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம். எந்தத் தேதி வரையிலான திருத்தம் எந்தத் தேர்வுக்குப் பொருந்தும் என்பதை நிறுவனமே அறிவிக்கும். அதைப் பார்க்காமல் அண்ணனின் பழைய புத்தகத்தை வைத்துப் படித்தால் விடை சரியாக இருந்தும் மார்க் வராது.

எழுதுவது தனி வித்தை. தேர்வு ஆங்கிலத்தில் அல்லது இந்தியில்தான். தமிழ் வழியில் பள்ளி முடித்தவர்கள் தடுமாறுவது இங்கேதான். தணிக்கைத் தாளில் வழக்கமாக வரும் மாதிரியான ஒரு கேள்வி: ஆண்டு இறுதிச் சரக்கைச் சரிபார்க்க நிர்வாகம் விடவில்லை; வேறு வழியிலும் போதிய சான்று கிடைக்கவில்லை. அறிக்கை எப்படி இருக்கும்? பலர் 'அட்வெர்ஸ்' என்று எழுதிவிடுவார்கள். சான்று கையில் இருந்து, கணக்கு பெரிய அளவில் தவறு என்று தெரிந்தால்தான் அது. சான்றே கிடைக்காதபோது தணிக்கைத் தரநிலையான எஸ்.ஏ. 705இன்படி, பாதிப்பு கணக்கு முழுதும் பரவியிருந்தால் 'டிஸ்கிளெய்மர்', முக்கியமானதாக இருந்தும் பரவாமல் நின்றால் 'குவாலிஃபைடு'. விதி, கேள்வியில் உள்ள நிலவரம், முடிவு என்று மூன்று சிறு பத்திகள் போதும். அலங்கார ஆங்கிலம் வேண்டியதில்லை. ஆர்ட்டிகிள்ஷிப்பில் ஆலைக் கிடங்கில் நின்று மூட்டை எண்ணியவருக்கு இந்தக் கேள்வி புத்தகமே இல்லாமல் புரியும். பயிற்சியை வெறும் கையெழுத்துச் சடங்காக முடித்தவர்கள் ஃபைனலில் அதற்கு விலை கொடுக்கிறார்கள்.

ஆறாவது தாள் நான்கு மணி நேரம். புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். மூட்டையாகத் தூக்கிப் போனவர் பக்கம் தேடியே நேரத்தைத் தொலைப்பார். மற்ற ஐந்து தாள்களின் பாடமும் கம்பெனிகளின் கதைகளுக்குள் கலந்து வரும் என்பதால், இதற்கென்று தனியாகப் படிப்பதைவிட மற்றவற்றை ஒழுங்காகப் படிப்பதே தயாரிப்பு.

வகுப்புக்காகச் சென்னைக்கு வீடு பார்த்துப் போக வேண்டிய காலம் போய்விட்டது. நிறுவனமே இணையத்தில் இலவச நேரலை வகுப்பு நடத்துகிறது. கிளை அலுவலகம் வேண்டுமானால் மதுரையிலும் திருச்சியிலும் இருக்கிறது. பெண் பிள்ளையைத் தனியாக அனுப்பத் தயங்கும் வீடுகளுக்கு இணைய வகுப்பு பெரிய சௌகரியம். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்று வந்த பிறகு கணக்கியல் படித்து, 1933இல் தேறி, நாட்டின் முதல் பெண் ஆடிட்டரான சென்னையின் ஆர். சிவபோகம் இருந்த காலத்தில் இதில் எதுவும் கிடையாது.

2025இல் ஃபைனலையும் ஜனவரி, மே, செப்டம்பர் என ஆண்டுக்கு மூன்று முறை நடத்த நிறுவனம் முடிவெடுத்தது. அப்படி நடக்கும்போது தவறியவர் ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம். ஆனால் முடிவு வந்து அடுத்த தேர்வுக்குள் கிடைக்கும் நாளும் சுருங்கிவிடும். திருத்திய விடைத்தாளின் சான்றிட்ட நகலைக் கட்டணம் கட்டி வாங்கலாம். மறுபடி முதல் பக்கத்திலிருந்து தொடங்கும் முன், மார்க் போனது தெரியாததாலா, தெரிந்ததை எழுதாததாலா என்று அதில் பார்த்துவிடலாம்.