மலையடி நீரும் ஐந்து வருஷத் தவணையும்

இஸ்ரேலியருக்கும் பாலஸ்தீனியருக்கும் இடையிலுள்ள விவகாரத்தைப் பற்றி எழுதப்படுவதெல்லாம் பெரும்பாலும் ஜெரூசலத்தையும் எல்லைக்கோட்டையும் அகதிகளையும் சுற்றியே அமைந்துவிடுவதால், 1995 செப்டம்பர் 28இல் வாஷிங்டனில் கையெழுத்தான இரண்டாவது ஆஸ்லோ உடன்படிக்கையின் பிற்சேர்க்கையில் நாற்பதாவது ஷரத்தாக இடம்பெற்ற தண்ணீர் ஏற்பாடு பொதுஜனங்களின் கவனத்துக்கு அதிகமாக வந்ததில்லை. ஆனால் தற்காலிகமென்று எழுதப்பட்ட ஒன்று, பெயரளவில் தற்காலிகமாகவே இருந்துகொண்டு, நடைமுறையில் நிரந்தரமாகிவிடும் விந்தையை அந்த ஷரத்தில் பார்க்கலாம். அவ்விரு தரப்பாருக்கிடையிலான சமாதான முயற்சிகள் நொடித்துப்போனதற்குரிய காரணங்களில் இதுவே தலையாயது என்பது என் அபிப்பிராயம்.

முதலில் பூமியின் அமைப்பைச் சொல்ல வேண்டும். ஜெனினிலிருந்து ஹெப்ரான் வரையில் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் மேற்குக் கரையின் சுண்ணாம்புக்கல் மலைகளில் குளிர்கால மழை பெய்கிறது. அந்த மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே கீழிறங்கி, மூன்று நிலத்தடிப் படுகைகளாகப் பிரிந்து, மேற்கிலும் வடகிழக்கிலும் கிழக்கிலுமாக ஓடுகிறது. இவற்றுள் மிகப் பெரியதான மேற்குப் படுகைக்கு மழை வார்ப்பது பெரும்பாலும் மேற்குக் கரையின் மலைச் சரிவு. அந்த நீர் தேங்கி, எளிதில் இறைத்துக்கொள்ளக்கூடிய ஆழத்துக்கு வந்து, யார்க்கோன் நதியின் மூலமான ரோஷ் ஹாயின் ஊற்றுகளாகப் பொங்குவது இஸ்ரேலின் சமவெளியில். ஒருவர் வீட்டுக் கூரையில் பெய்த மழை அடுத்தவர் வீட்டுத் தொட்டியில் போய் விழுவது போன்ற இந்த அமைப்பிலேதான் இரு தரப்பாரின் வாதங்களும் வேரூன்றியிருக்கின்றன. மழை எங்கள் மண்ணில் விழுகிறது, ஆகையால் நியாயமான பங்கு எங்களுக்கு வேண்டும் என்கிறார்கள் பாலஸ்தீனியர். 1967ஆம் வருஷ யுத்தத்துக்கு வெகுகாலம் முன்பிருந்தே எங்கள் எல்லைக்குள் கிணறு தோண்டி அனுபவித்து வருகிறோம், ஆகையால் அனுபோக பாத்தியதை எங்களுடையது என்கிறார்கள் இஸ்ரேலியர். சர்வதேச நீர்ச் சட்டத்திலோ, நியாயமான பங்கீடு என்ற தத்துவமும் ஏற்கெனவே அனுபவிப்பவருக்குக் கணிசமான தீங்கு செய்யலாகாது என்ற தத்துவமும் அருகருகே இருப்பதால், இருவருக்குமே பற்றிக்கொள்ள ஒரு கிளை அகப்படுகிறது.

1967 ஜூன் யுத்தத்தில் மேற்குக் கரை இஸ்ரேலின் வசமானதும், அவ்வருஷம் ஆகஸ்டிலேயே நீர்நிலைகளின் மீதுள்ள அதிகாரமனைத்தும் ராணுவ உத்தரவொன்றினால் ராணுவத் தளபதிக்கு மாற்றப்பட்டது. அனுமதிச் சீட்டில்லாமல் புதுக் கிணறு தோண்டலாகாது என்று இன்னோர் உத்தரவு பிறந்தது. ஜோர்டான் நதியின் கரையிலே வசித்தும் அந்நதியின் நீரைத் தொட வழியில்லாத நிலைமை பாலஸ்தீனியருக்கு அப்போது ஏற்பட்டதுதான். 1982இல் மேற்குக் கரையின் நீர் விநியோகம் இஸ்ரேலின் தேசிய நீர்க் கம்பெனியான மெக்கோரோத்தின் கைக்குச் சென்றது.

இந்தப் பின்னணியில் பார்த்தால், மேற்குக் கரையில் பாலஸ்தீனியருக்கு நீர் உரிமை உண்டென்று இஸ்ரேல் 1995இல் எழுத்து மூலம் அங்கீகரித்தது சாமானியமான விஷயமல்ல. ஆனால் அவ்வுரிமை எவ்வளவு என்பதை மட்டும் எழுதாமல், இறுதிப் பேச்சுவார்த்தையில் தீர்மானித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். மூன்று படுகைகளிலும் வருஷத்துக்கு 67.9 கோடி கன மீட்டர் நீர் கிடைக்குமென்று மதிப்பிட்டு, அதில் 48.3 கோடி இஸ்ரேலின் உபயோகத்திலும் 11.8 கோடி பாலஸ்தீனியரின் உபயோகத்திலும் இருப்பதாகக் குறித்து, எஞ்சிய 7.8 கோடியைக் கிழக்குப் படுகையிலிருந்து இனிமேல் எடுத்துக்கொள்ளலாமென்று அட்டவணை போட்டார்கள். இடைக்காலத்தில் பாலஸ்தீனியருக்கு அவசரத் தேவைக்கென 2.86 கோடி கன மீட்டர் அதிகப்படியாக ஒதுக்கப்பட்டது. பங்கீடு என்று தோற்றமளித்தாலும், உண்மையில் அன்றைய அனுபோகத்தை அப்படியே உறையவைத்த கணக்கு இது. இடைக்காலம் என்பது ஐந்து வருஷம். அந்தத் தவணை 1999 மே மாதத்தோடு தீர்ந்தது. அட்டவணையோ இன்னும் தீரவில்லை.

ஷரத்தின் மற்றொரு விசேஷம், இரு தரப்பாரும் சம எண்ணிக்கையில் அமர்ந்து ஏகமனதாகத் தீர்மானிக்கும் கூட்டு நீர்க் குழு. காகிதத்தில் இதைவிடச் சமத்துவமான ஏற்பாடு இருக்க முடியாது. ஆனால் குழுவின் அதிகாரம் மேற்குக் கரையோடு நின்றுவிடுவதால், சமவெளியில் இஸ்ரேல் எத்தனை கிணறு தோண்டினாலும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. மலைமேலுள்ள பாலஸ்தீனக் கிராமமோ ஒரு கிணற்றுக்குக் கூட எதிர்த் தரப்பின் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டும். மேற்குக் கரையில் ஏறக்குறைய அறுபது சதவிகிதமாக உள்ள ‘சி’ என்று வகுக்கப்பட்ட பிரதேசத்தில் இஸ்ரேலிய ராணுவ நிர்வாகத்தின் தனி அனுமதியும் வேண்டும். இஸ்ரேலிய அதிகாரிகளுக்கும் குறைகள் உண்டு: ஜெனின் பக்கத்தில் அனுமதியின்றிக் கிணறுகள் தோண்டப்படுகின்றன, பழைய குழாய்களில் பெருமளவு நீர் கசிந்து வீணாகிறது, நகரங்களின் சாக்கடை சுத்திகரிக்கப்படாமல் ஓடி வருகிறது என்பன அவை, இவற்றில் உண்மையில்லாமல் இல்லை. ஆயினும் வருஷம் முழுவதும் குழாயில் தண்ணீர் வருமென்ற நம்பிக்கை எவருக்கு உண்டு, எவருக்கு இல்லை என்பதைப் பாலஸ்தீன வீடுகளின் மாடியில் வரிசை வரிசையாக நிற்கும் கறுப்புத் தொட்டிகளே சொல்லிவிடுகின்றன.

குழுவின் சரித்திரத்தில் நான் மிகவும் மதிக்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2000 செப்டம்பரில் இரண்டாவது இன்டிஃபாதா என்ற பாலஸ்தீனக் கிளர்ச்சி மூண்டு, ஏனைய தொடர்புகளெல்லாம் அறுந்துகொண்டிருந்த தருணத்தில், 2001 ஜனவரி 31இல் குழுவின் இஸ்ரேலியத் தலைவரும் பாலஸ்தீனத் தலைவரும் கூட்டறிக்கை ஒன்றில் கையெழுத்திட்டு, குழாய்களையும் கிணறுகளையும் சுத்திகரிப்பு நிலையங்களையும் வன்முறைக்கு அப்பால் விட்டுவைக்கும்படி இரு மக்களையும் கேட்டுக்கொண்டார்கள். அதே குழு 2010 வாக்கில் கூடுவதை நிறுத்தியது. யூதக் குடியேற்றங்களுக்கான குழாய்த் திட்டங்களுக்கும் பாலஸ்தீனத் தரப்பு சம்மதம் தந்தால்தான் பாலஸ்தீனியருடைய திட்டங்கள் நகரும் என்ற நிலைமையைப் பாலஸ்தீன அதிகாரிகள் இனிப் பொறுக்க மறுத்ததே இதன் காரணம். 2017இல், குழாய் பதிக்கும் வேலைகளுக்கு ஒருவர் சம்மதத்தை மற்றவர் கேட்க வேண்டியதில்லை என்ற சமரசத்தோடு அது மறுபடி உயிர்பெற்றது. கிணறு மட்டும் பழைய விதிக்கே உட்பட்டது.

இதற்கிடையில் கடல் குறுக்கிட்டது. 2005இல் அஷ்கெலோனிலும் பிறகு பல்மகிம், ஹதேரா, சோரெக் முதலிய இடங்களிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் பெரிய ஆலைகளை நிறுவிய இஸ்ரேலில், இன்று வீடுகளுக்குச் செல்லும் நீரில் பெரும்பகுதி சமுத்திரத்திலிருந்தே வருகிறது. பொருளாதார அறிஞர் ஃபிராங்க்ளின் ஃபிஷர் இஸ்ரேலிய, பாலஸ்தீன, ஜோர்டானிய நிபுணர்களோடு சேர்ந்து ஆராய்ந்து, தகராறிலுள்ள நீரின் மதிப்பு யுத்தத்துக்குரிய அளவு பெரிதல்ல என்று காட்டியிருந்தார். கடல்நீர் ஆலைகள் அந்த வாதத்துக்கு மேலும் வலுவூட்டின. அப்படியிருக்க ஏன் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று கேட்கலாம். இஸ்ரேல் விற்கத் தயாராக இருக்கிறது. உண்மையில் மெக்கோரோத்திடமிருந்து பாலஸ்தீன நிர்வாகம் ஆண்டுதோறும் ஏராளமாக வாங்கியும் வருகிறது. ஆனால் விலை கொடுத்து வாங்குகிறவன் வாடிக்கைக்காரன்தானே தவிரப் பங்காளியல்ல. பாலஸ்தீன நிர்வாகத்தின் ஆட்சேபம் விலையைப் பற்றியதன்று, பாத்தியதையைப் பற்றியது. ஜோர்டானோடு 1994இல் செய்துகொண்ட சமாதான ஒப்பந்தத்தில் எவ்வளவு நீர் யாருக்கென்று இஸ்ரேல் எண்ணிட்டு எழுதிக்கொடுத்திருப்பதை அவர்கள் சுட்டிக்காட்டாமல் இருப்பார்களா?

காஸாவின் கதை வேறு. அங்கே மலையுமில்லை, ஊற்றுமில்லை. கரையோர மணலடியில் உள்ள ஒரே படுகையை, ஊறுகிற அளவைப் போல் மும்மடங்கு வரையில் பல்லாண்டுகள் இறைத்ததால் உப்பேறி, சாக்கடையும் கலந்து, குடிக்கத் தகாததாகிவிட்டது. 2023 அக்டோபர் 7இல் ஹமாஸ் நடத்திய தாக்குதலில் ஏறக்குறைய 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் இஸ்ரேல் முழு முற்றுகையை அறிவித்து, அதுவரையில் குழாய் வழியே அனுப்பிவந்த தண்ணீரையும் நிறுத்தியது. அதன் பின் நடந்த யுத்தத்தில் காஸாவில் அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாக அங்குள்ள சுகாதார இலாகா கூறுகிறது. கிணறுகளும் குழாய்களும் சுத்திகரிப்பு நிலையங்களும் பெருமளவில் நாசமாயின. 2025 அக்டோபரில் யுத்த நிறுத்தம் வந்தது. வருஷத்துக்கு 5.5 கோடி கன மீட்டர் தரக்கூடிய கடல்நீர் ஆலை ஒன்றுக்கு மத்தியதரைக் கடல் நாடுகளின் ஒன்றியம் 2011இலேயே ஆதரவளித்திருந்தும், அது இன்னும் கட்டப்படவில்லை. கட்டுவதானாலும், அதற்கான சிமென்டும் இயந்திரங்களும் எல்லையைத் தாண்டி உள்ளே வருவதற்கு இஸ்ரேலின் அனுமதி வேண்டும்.