பளிங்கு மாறினால் மருந்தும் மாறும்

மருந்தொன்றின் இரசாயனச் சூத்திரம் மாறாதிருப்பின் அதன் பயனும் மாறாது என்றே நாம் எண்ணுகின்றோம். ரிடோனவிர் எனும் மருந்தின் வரலாறு இவ்வெண்ணத்தைப் பொய்ப்பித்துவிட்டது.

எச்.ஐ.வி. தொற்றாளருக்கென 1996 இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட இம்மருந்தின் கப்சியூல்கள், 1998 இல் கரைதல் பரிசோதனையில் தவறின. அதே சேதன மூலக்கூறுகள், அதுவரை அறியப்படாத வேறொரு பளிங்கு வடிவில் அடுக்கப்பட்டிருந்தமை ஆய்வில் தெரியவந்தது.

பளிங்குப் பிணைப்பிலிருந்து மூலக்கூறுகள் விடுபட்டாலன்றித் திண்மம் கரையாது. புதிய வடிவில் ஐதரசன் பிணைப்புகள் வலுவானவை. அதன் கிப்ஸ் சக்தியும் குறைவு. சக்தி குறைந்த வடிவம் உறுதி கூடியது. உறுதி கூடியது குறைவாகவே கரையும். இதுவே வெப்ப இயக்கவியலின் நியதியாகும்.

அவ்வாறாயின், அவ்வடிவம் முன்னரே தோன்றாதது ஏன்? முதற் பளிங்குக் கரு உருவாவதற்குச் சக்தித் தடையொன்றைத் தாண்ட வேண்டும். ஒருமுறை கரு தோன்றிவிட்டால், ஏனையவை அதனைப் பின்பற்றிப் படியும். இதனாலேயே பழைய வடிவை மீளத் தயாரிப்பதும் கடினமாயிற்று.

கப்சியூல் விநியோகம் தடைப்பட, நோயாளர் சுவைக்கச் சகியாத திரவ மருந்தை நாட நேர்ந்தது. 1999 இல் வந்த மென் கப்சியூலுக்குக் குளிரூட்டல் அவசியமாயிற்று. குளிரூட்டல் வேண்டாத குளிசை அமெரிக்காவில் 2010 இலேயே அனுமதி பெற்றது. மின்சாரம் அரிதான வெப்ப நாடுகளின் வறிய நோயாளருக்கு இவ்வேறுபாடு அற்பமானதன்று.

மருந்தின் தரம் அதன் பெயரில் மட்டும் தங்கியிருப்பதில்லை. அது உடலில் கரைவதிலும் தங்கியுள்ளது. எனவே, தரப் பரிசோதனையை வெறும் சம்பிரதாயமாகக் கருதுவது உயிர்களோடு விளையாடுவதாகும்.