கூலியில்லா வேலைக்கு என்ன கூலி?

ஜப்பானியக் கலையையும் மொழியையும் பரப்பும் லாப நோக்கற்ற சங்கங்கள் அமெரிக்காவில் பல உண்டு. நியூயார்க்கின் ஜப்பான் சொசைட்டி 1907-ல் தோன்றியது. இத்தகைய சங்கங்கள் சிலவற்றில் மாணவர்கள் சம்பளமின்றித் தொண்டர்களாகச் சேர்ந்து பயிற்சி பெறுவதுண்டு. கண்காட்சி, விழா, மொழி வகுப்பு, அலுவலக வேலை எனக் கைகொடுக்கிறார்கள். "சும்மா வேலை வாங்குகிறார்களே!" என்று நம் வியாபாரி மனசு கேட்கும்.

இதற்குப் பதில் ஜப்பானின் பழைய கடைத்தெருவிலேயே இருக்கிறது. அங்கே பத்து வயதையொட்டிய சிறுவன் 'டெச்சி' என்னும் கடைப் பையனாகச் சேருவான். சோறும் துணியும் உண்டு, சம்பளம் இல்லை. பெருக்குவான், ஏவிய வேலைக்கு ஓடுவான். கூடவே எழுத்தும் மணிச்சட்டக் கணக்கும் கற்பான். வளர்ந்து 'தெதாய்' ஆவான்; பிறகு கடையையே நிர்வகிக்கும் 'பன்தோ' ஆவான். நெடுங்காலம் உண்மையாய் உழைத்தவருக்கு, தன் கடைப்பெயர் பொறித்த 'நோரென்' என்னும் வாசல் திரையைப் பயன்படுத்தும் உரிமை கொடுத்து, முதலாளியே தனிக்கடை வைத்துத் தருவார். பானாசோனிக் நிறுவனர் கொனோசுகே மட்சுஷிதா, 1904-ல் ஒன்பது வயதில் ஒசாகா கடையொன்றில் பையனாகச் சேர்ந்தவர்தான்.

என் மண்டியில் ஒரு பையன் மூன்றாண்டு மூட்டை தைத்தான். சிட்டையையும் பேரேட்டையும் நான் அவனுக்குக் காட்டவேயில்லை. ஒருநாள் நின்றுவிட்டான். தவறு என்னுடையது.

சம்பளம் தராத சங்கம் தொழிலையாவது கற்றுத் தரவேண்டும். சம்பளம் தருகிறோம் என்பதால் நமக்கு அந்தக் கடமை தீர்ந்துவிடாது.