கறுவா வாங்க வந்த மெக்சிகோக்காரர்

குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுப் படகுக்காகக் காத்திருந்தோம். கொழும்பில் பலசரக்கு வியாபாரம் செய்யும் உறவுக்காரத் தம்பி மெதுவாகக் கேட்டார்: “நானா, மெக்சிகோவிலிருந்து ஒருத்தர் கறுவா விலை கேட்டிருக்கிறார். கையிலிருக்கிற காசு முழுவதையும் போட்டுச் சரக்கு எடுக்கட்டா? அந்தப் பக்கத்தைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது.”

ஒன்றும் தெரியாதா? தம்பி இருந்தது வாங்கில். காலில் சப்பாத்து. பையில் பாண். மூன்றுமே போர்த்துக்கேயச் சொற்கள். 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்து 1658 வரை ஆண்டவர்கள் விட்டுப்போன சொத்து. ஊர்காவற்றுறைக்கு ‘கைட்ஸ்’ என்ற பெயரும் இறங்குதுறையைக் குறிக்கும் அவர்களுடைய ‘காய்ஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்ததே. யானைகளைக் கப்பலேற்றிய துறை அது.

மெக்சிகோவில் பேசுவது போர்த்துக்கேயம் அல்ல, ஸ்பானியம். இரண்டும் லத்தீன் பெற்ற பிள்ளைகள். மேசை அங்கே ‘மேசா’, சப்பாத்து ‘சபாத்தோ’, குசினி ‘கொசினா’. ஆனால் நமது கதிரைக்கும் யன்னலுக்கும் மூலமான போர்த்துக்கேயச் சொற்கள் அங்கே செல்லாது. ஸ்பானியத்தில் அவற்றுக்கு வேறு பெயர். 1494இல் இரண்டு அரசுகளும் கடலில் ஒரு கோடு கிழித்து உலகைப் பங்கு போட்டதன் விளைவாக பிரேசில் போர்த்துக்கேயரிடம் போயிற்று. சுற்றியுள்ள நாடுகளில் பெரும்பாலானவை ஸ்பானியரிடம். ஆகவே பிரேசிலுக்கு எழுதிய கடிதத்தையே மெக்சிகோவுக்கும் அனுப்பினால், வாங்குபவர் நம்மை விபரம் தெரியாதவர் என்று ஒதுக்கிவிடுவார்.

சொற்களைவிடப் பெரிய வரவு பயிர்கள். மிளகாய், புகையிலை, மரவள்ளி, பப்பாசி, கொய்யா எல்லாம் அமெரிக்கக் கண்டத்துப் பிறப்பு. யாழ்ப்பாணப் புகையிலை ஒருகாலத்தில் திருவிதாங்கூருக்குப் போய்ப் பணமாகத் திரும்பியது. வந்த பயிரை ஏற்றுமதிப் பொருளாக்கிய கெட்டிக்காரர்கள் நம் பகுதி மக்கள்!

இன்று அந்தக் கடனுக்குப் பதில் சரக்கு போகிறது. இலங்கைக் கறுவாவை அதிகம் வாங்கும் நாடு மெக்சிகோ. மண்பானையில் காய்ச்சும் கோப்பிக்கும் சொக்லட் பானத்துக்கும் அவர்களுக்கு அது வேண்டும். ‘கனேலா’ என்பார்கள். மெல்லிய பட்டைகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருட்டிய நமது குச்சிதான் அவர்கள் பழகிய சரக்கு. தடித்த சீனப் பட்டையைக் கலந்து அனுப்பினால் கையால் ஒடித்துப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். நம்மவரில் சிலருக்கு அந்த ஆசை வருவதுண்டு என்பதால் சொல்கிறேன்.

நம் வாசகர்களுக்கு இன்னொரு நெருக்கமும் உண்டு. 711 முதல் 1492 வரை ஸ்பெயினில் முஸ்லிம் ஆட்சி இருந்ததால் ஸ்பானியத்தில் அரபுச் சொற்கள் ஏராளம். சுங்கத்துக்கு அவர்கள் சொல்லும் ‘அதுவானா’ நமக்குத் தெரிந்த ‘திவான்’தான். ‘தரீஃபா’வும் அரபுதான். சீனி ‘அசூகர்’, அரிசி ‘அர்ரோஸ்’. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிரியா, லெபனான் பக்கத்து அரபிகள் அங்கே குடியேறி, முதுகில் மூட்டை சுமந்து வீடு வீடாக விற்றார்கள். உஸ்மானியப் பயணச்சீட்டோடு வந்ததால் அவர்களுக்கு ‘துர்க்கோ’ என்று பட்டப்பெயர். பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். மெக்சிகோவின் பெரும் செல்வந்தர் கார்லோஸ் ஸ்லிம்மின் தந்தை லெபனானிலிருந்து வந்தவர். ஆர்ஜென்டீனாவை 1989 முதல் 1999 வரை ஆண்ட கார்லோஸ் மெனெம் சிரியக் குடும்பத்துப் பிள்ளை. வளைகுடாவில் வேலை செய்தவர்கள் ‘சாடியா’ கோழியை மறந்திருக்க மாட்டார்கள். அது பிரேசில் சரக்கு. ஹலால் கோழி ஏற்றுமதியில் உலகில் முதலிடம் பிரேசிலுக்கு.

தம்பிக்கு நான் சொன்னது இவ்வளவே. முழுக் காசையும் இறக்காதே. முதலில் இரண்டு கிலோ மாதிரி அனுப்பு. கடிதத்தை ஸ்பானியம் படித்த ஒருவரிடம் காட்டித் திருத்து. வங்கியில் எல்.சி. திறக்காமல் கொள்கலன் ஏற்றாதே. தொலைபேசியில் பேசுவதானால் இரவு எட்டரைக்குப் பேசு. மெக்சிகோ நகரில் அப்போது காலை ஒன்பது மணி.

படகுக்காரர் கூப்பிட்டார். ஏறும்போது தம்பி திரும்பிக் கேட்டார்: “நானா, கனேலாவுக்கு ‘க’வா ‘கா’வா?”