அம்மம்மாவுக்குச் செய்தது ஏன் கணக்கில் வராது? ஒன்ராறியோ கத்தோலிக்கப் பாடசாலைகளின் 40 மணித்தியாலத் தொண்டு

ஒன்ராறியோவில் 12ஆம் வகுப்பை முடிக்கும் மாணவர்கள் தங்கள் தொண்டுப் படிவங்களைப் பாடசாலையின் வழிகாட்டல் பிரிவில் ஒப்படைக்க வேண்டிய இறுதி வாரங்கள் நெருங்கும்போது, எது கணக்கில் சேரும், எது சேராது என்று கேட்டுப் பெற்றோர் எழுதும் கடிதங்களும் பெருகுகின்றன. கத்தோலிக்கப் பாடசாலைகளில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் குடும்பங்களின் குழப்பம் அவற்றுள் தனியானது. அங்கே ஒரே தொண்டு மாகாண அரசின் கட்டாய நிபந்தனையாகவும் திருச்சபையின் விசுவாசப் பயிற்சியாகவும் கொள்ளப்படுவதால், ஒன்றின் விதியை மற்றதன் விதியென்று எண்ணிவிடுவது எளிது.

டிப்ளோமா பெற 40 மணித்தியாலம் தொண்டு செய்ய வேண்டும் என்ற, கல்வி அமைச்சு ‘சமூக ஈடுபாடு’ என்று பெயரிட்டுள்ள இந்த நிபந்தனை, 1999இல் 9ஆம் வகுப்பில் சேர்ந்தவர்கள் தொடக்கம் நடைமுறையில் உள்ளது. இளையோரிடம் குடிமைப் பொறுப்புணர்வை வளர்ப்பதே இதன் நோக்கம் என்று அமைச்சு கூறினாலும், எந்த உணர்வு வளர்ந்தது என்பதை அளக்கும் ஏற்பாடு எதுவும் இதில் இல்லை. செயலின் பெயர், திகதி, மணித்தியாலம், மேற்பார்வையாளரின் பெயரும் தொடர்பு விவரமும், அவரது கையொப்பம் என்று கட்டங்கள் வரையப்பட்ட ஒரு தாள். அதன் அடியில் மாணவரின் கையொப்பம், 18 வயதுக்குக் குறைந்தவராயின் பெற்றோரின் கையொப்பம். ஆகவே நடைமுறையில் ‘ஈடுபாடு’ என்பது, வெளியார் ஒருவர் சாட்சியாகக் கையொப்பமிடக்கூடிய நேரம் என்பதற்கு மேல் எதையும் குறிப்பதில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் பட்டம் பெறவிருந்தோருக்கு இந்த 40 மணித்தியாலம் 20 ஆகக் குறைக்கப்பட்டதே, எண்ணிக்கை நிர்வாக வசதியைச் சார்ந்தது என்பதைக் காட்டப் போதுமானது.

கத்தோலிக்கக் கல்விச் சபைகள் இதே நிபந்தனையை ஏற்றுக்கொண்டு, அதற்கு விசுவாசத்தின் பொருளையும் சேர்க்கின்றன. தவக்காலத்தில் உணவு சேகரிப்பது, பங்கின் பீடப்பணியில் துணைநிற்பது, மறைக்கல்வி வகுப்பில் சிறுவர்களுக்கு உதவுவது ஆகியவை திருச்சபை மரபில் ‘இரக்கச் செயல்கள்’ எனப்படும் பசித்தோருக்கு உணவளித்தல், நோயுற்றோரைச் சந்தித்தல், அறியாதோருக்குக் கற்பித்தல் போன்றவற்றின் வழியில் விளக்கப்படுகின்றன. ஒன்ராறியோவின் கத்தோலிக்கப் பாடசாலைகள் தம் மாணவர் எத்தகையவராக வெளியேற வேண்டும் என்பதை 1998இல் ஏழு எதிர்பார்ப்புகளாக வகுத்தன. அவற்றுள் ஒன்று, மாணவர் அன்பும் அக்கறையும் உள்ள குடும்ப உறுப்பினராக விளங்க வேண்டும் என்பது. இந்த எதிர்பார்ப்பே அமைச்சின் விதியோடு நேருக்கு நேர் மோதுகிறது.

கணக்கில் சேராத செயல்களென அமைச்சு வகுத்த பட்டியலில், வீட்டில் வழமையாகச் செய்யப்படும் வேலைகள் இடம்பெறுகின்றன. பாடசாலை முடிந்து வந்து அம்மம்மாவுக்குச் சோறு குழைத்துக் கொடுத்து, கைத்தாங்கலாகக் குளியலறைக்கு அழைத்துச் சென்று, மருத்துவரிடம் போகும் நாளில் கூடவே போய் அவர் சொல்வதை ஆங்கிலத்திலும் மருத்துவர் சொல்வதைத் தமிழிலும் மாற்றிச் சொல்லும் ஒரு பதினாறு வயதுப் பிள்ளை, பொதுவாக இந்த விதியின்படி ஒரு மணித்தியாலத்தையும் பதிவுசெய்ய முடியாது. அதே பிள்ளை அடுத்த வீட்டு முதியவருக்குக் கடையில் சாமான் வாங்கிக் கொடுத்தால், கடிதம் எழுதிக் கொடுத்தால், வாசலில் பனி அள்ளினால் அது முதியோருக்கான உதவியென்று ஏற்கப்படும். அப்படியானால், ஒரே தெருவில் வாழும் இரு குடும்பங்கள் தத்தம் பாட்டிமாரை மற்ற வீட்டுப் பிள்ளையின் கவனிப்பில் விட்டுவிட்டால், இரு பிள்ளைகளும் படிவத்தை நிரப்பிவிடலாம். பாட்டிமாருக்குக் கிடைக்கும் கவனிப்பு அதிகரிக்காது, பிள்ளைகளின் உழைப்பும் அதிகரிக்காது, கையொப்பமிடுபவர் மட்டுமே மாறுவார்.

இந்த விதிக்கு நியாயமான காரணம் உண்டு: பெற்றோரே மேற்பார்வையாளராகிவிட்டால் அறையைத் துப்புரவாக்கியதும் தொண்டாகிவிடும், எவராலும் சரிபார்க்கவும் முடியாது. ஆயினும் அதன் சுமை எல்லாக் குடும்பங்கள் மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. இரண்டு வேலை பார்க்கும் பெற்றோரும், மூன்று தலைமுறையினரும் ஒரே கூரையின் கீழ் வாழும் குடும்பங்களில், அன்றாட உழைப்பில் ஏற்கெனவே பங்கேற்கும் பிள்ளைகளுக்கே வெளியில் போய்த் தொண்டு செய்யும் ஓய்வு நேரம் குறைவு. அன்புள்ள குடும்ப உறுப்பினரை உருவாக்குவதாக அறிவிக்கும் பாடசாலைகள், அந்த அன்பைச் சுழியமாகக் கணக்கிடும் தாளை ஆண்டுதோறும் மறுபேச்சின்றி வாங்கி அடுக்கி வைப்பது கவலைக்குரியது. வீட்டில் நோயுற்றோரைப் பராமரிக்கும் நேரத்தின் ஒரு பகுதியையேனும், தாதியோ பங்குத்தந்தையோ உறுதிப்படுத்தும் நிலையில் ஏற்கும்படி அமைச்சிடம் கேட்பதற்கு, வேறெந்தக் கல்விச் சபையையும்விடக் கத்தோலிக்கச் சபைகளுக்கே உரிமையும் கடமையும் அதிகம்.

கையொப்பம் என்ற ஏற்பாடே விசுவாச நோக்கில் எளிதானதன்று. பிறர் காணத் தருமம் செய்வதை இயேசு கண்டித்து, அது மறைவாயிருக்க வேண்டும் என்று போதிப்பது மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தில் உள்ளது. படிவமோ, சாட்சியில்லாத தொண்டை நடக்காததாகவே கொள்கிறது. இன்று பல பங்குகளில் ஏழைக் குடும்பங்களைத் தேடிச் செல்லும் புனித வின்சென்ட் தே பவுல் சபையை, 1833இல் பாரிஸ் நகரில் பிரெடெரிக் ஓசானாம் சில தோழர்களோடு தொடங்கியபோது அவர் இருபது வயது மாணவர். ஏழைகளின் இருப்பிடத்துக்கே நேரில் போவது எப்படி என்பதை அருட்சகோதரி ரோசலி ரெந்துவிடம் அவர்கள் கற்றுக்கொண்டார்கள். பட்டமோ படிவமோ கேளாத மாணவர் முயற்சியாகத் தோன்றிய தொண்டு மரபு, கட்டாயத்தின் கீழும் உயிரோடிருக்குமா என்பதே கேள்வி.

அதற்கு ஓரளவு பதில் கிடைத்திருக்கிறது. ஒன்ராறியோ 13ஆம் ஆண்டை நீக்கியதால் 2003இல் இரண்டு அணி மாணவர்கள் ஒன்றாகப் பாடசாலையை விட்டு வெளியேறினார்கள். ஒரு அணிக்கு 40 மணித்தியாலம் கட்டாயம், மற்றதற்கு இல்லை. இவர்களை ஒப்பிட்ட ஆய்வாளர்கள், பிற்காலக் குடிமை ஈடுபாட்டில் இரு அணிக்கும் இடையே பெரிய வேறுபாட்டைக் காணவில்லை. தொண்டு அனுபவம் எவ்வளவு நிறைவாக இருந்தது என்பதே முக்கியமாகத் தெரிந்தது. கடைசி மாதத்தில் அவசரமாகச் சேர்க்கப்படும் மணித்தியாலங்களைவிட, 9ஆம் வகுப்புக்கு முந்திய கோடை விடுமுறையிலேயே ஓரிடத்தில் தொடங்கித் தொடர்ந்து செய்வது பிள்ளைக்கு நன்மை என்று கொள்ள இதில் இடமுண்டு.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமான பதில்கள் போதும்.

திருப்பலியில் பங்கேற்பது சேருமா? சொந்த வழிபாடு தொண்டாகாது. வழிபாட்டுக்கு வரும் சிறுவரையோ முதியோரையோ கவனிப்பது தொண்டாகலாம், கல்விச் சபையின் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

சமய பாடத்தில் புள்ளி வழங்கப்பட்ட தொண்டு? கிரெடிட்டுக்காகச் செய்ததை 40 மணித்தியாலத்தில் மீண்டும் சேர்க்க முடியாது.

பெற்றோரின் கடையில் நிற்பது? சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்யும் வேலை தொண்டாக ஏற்கப்படாது.

பனி அள்ளும் இயந்திரம்? விசைக் கருவிகளுக்கு இடமில்லை, மண்வெட்டியால் அள்ளலாம்.

அயல்வீட்டு நோயாளிக்கு மருந்து கொடுப்பது? மருந்து கொடுப்பதும் மருத்துவச் செயல்களும் விலக்கப்பட்டவை.

பட்டியலில் இல்லாத செயல்? தொடங்குவதற்கு முன்பே அதிபரின் எழுத்துமூல அனுமதி வேண்டும்.

கத்தோலிக்கரல்லாத மாணவர் விலக்குக் கேட்கலாமா? பொதுக் கல்விச் சபையின் உயர்நிலைப் பாடசாலையில் சேரத் தகுதியுள்ளவர், எழுத்துமூலம் கேட்டால் சமயக் கல்வியிலிருந்து விலக்குப் பெறலாம். திருப்பலியும் தியானமும் அந்த விலக்கில் அடங்கும் என்று 2014இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 40 மணித்தியாலம் மாகாணத்தின் நிபந்தனை என்பதால் அதற்கு இந்த விலக்கு செல்லாது.

இறுதி நாள் தவறிவிட்டால்? டிப்ளோமா தாமதமாகும், பறிபோகாது. ஆனால் பல்கலைக்கழக அனுமதி அதையே நிபந்தனையாகக் கொண்டிருந்தால், அதிபரை இந்த வாரமே சந்திப்பது அவசியம்.